சுத்தக் கறியின் மேல் ஒரு சத்தியம்

வெங்காயத்தைத் துருவியதும் சாற்றைப் பிழிந்துவிட வேண்டும் ஐயா. இல்லாவிட்டால் கோஃப்தா கம்பியில் நிற்காது, நெருப்பில் விழுந்துவிடும். தன்தா நகரத்தில் இருபத்தாறு வருஷமாகக் கரியடுப்பு முன்னால் நிற்கிறவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கொத்துக்கறியில் ஊறவைத்த சோயாவைக் கலப்பது எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். இன்றைய கறி விலைக்கு அதைத் தர்மம் என்றே சொல்லலாம், ஏழைக்கும் கோஃப்தா கிடைக்கிறதே. ஆனால் கடைக்காரனிடம் போய் "இதில் சோயா இருக்கிறதா" என்று எங்கள் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். அவன் முகத்தில் துப்புவதும் அதுவும் ஒன்று.

நெர்மின் டீச்சர் கேட்டாள். எதிர்க் கட்டடத்தில் தம்பியோடு குடியிருந்தவள். சோயா உள்ளே போனால் அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சடைத்துவிடும். பிஸ்கட், சூப்புக் கட்டி, டின் மீன், எதை வாங்கினாலும் பொடியெழுத்தைப் படித்துவிட்டுத்தான் பைக்குள் போடுவாள். என் கோஃப்தாவில் ஏது எழுத்து? வியாழக்கிழமை, பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்க, என்னிடமே கேட்டுவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க ஹாஜியாரே. கலந்திருந்தாலும் பரவாயில்ல, வாங்காம போயிடுறேன். உண்மைய மட்டும் சொல்லுங்க."

பின்னால் நின்ற தையல்காரன் சிரித்தான். "நல்லாக் கேளுங்க டீச்சர். நாங்களும் ரொம்ப நாளா கேக்கணும்னுதான் இருக்கோம்."

மானம் போகிற இடம் ஐயா. "இதுல ஒரு துளி சோயா இருந்தா என் பொண்டாட்டி ஸைனாத் எனக்கு தலாக்," என்றேன். வரிசை அடங்கிவிட்டது. இந்தச் சத்தியத்துக்கு மேல் ஓர் ஆண்பிள்ளையிடம் கேட்க என்ன இருக்கிறது? டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். என்னை நம்புகிறாள் என்று காட்டவே கடை வாசலில் நின்று சாப்பிட்டாள். மரியாதை தெரிந்த பெண்.

மூன்றாவது வாய்க்கு இருமல் வந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தம்பி ஹைதம் ஊசியோடு ஓடி வந்தான். சோயா வீக்கத்தை அடக்க வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரே ஒரு ஊசி, வீணாக்க முடியாது.

"ஹாஜியாரே, எலும்பு சிக்கிடுச்சா, சோயாவா? கெஞ்சிக் கேக்குறேன், சீக்கிரம் சொல்லுங்க."

அவள் உதடு தடிப்பதை நான் பார்த்தேன். அடுப்புப் புகையில் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. வரிசை முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சுத்தக் கறிப்பா. எலும்புத் துணுக்காத்தான் இருக்கும், முதுகுல தட்டு."

தட்டினான். பாவமாக இருந்தது, நானும் சேர்ந்து தட்டினேன். ஆம்புலன்ஸ் வரும்வரை தட்டினோம். ஊசி அவன் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

ஆமாம், கலந்தது நான்தான். அவள் சாகிறாள் என்று தெரிந்தேதான் இல்லையென்று சொன்னேன். ஒரே ஓர் உதவி செய்யுங்கள். அந்தத் தாளில் கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சோயா என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் சத்தியம் பலித்து ஸைனாத் வீட்டைவிட்டுப் போக வேண்டிவரும். ஓர் அப்பாவிப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கிற அளவுக்கு நான் கெட்டவன் இல்லை ஐயா.