எத்தனை பேர் சாப்பிடுவீங்க

மாலை நான்கு இருபது. அக்டோபர் மாதம், சனிக்கிழமை. பிரான்சில், ஓவெர்ன் மலைக்காட்டுக்குள் ஒரு சாலை. முக்கால் மணி நேரமாக எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை...

நடந்தது எனக்கல்ல. என் தோழி எலோதியின் சித்திக்கு. பெயர் நதீன், பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. கணவன் தியெரி, நகரப் பேருந்து ஓட்டுபவன். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் கழித்து முதல்முறையாக ஒரு வாரம் சேர்ந்தாற்போல் விடுமுறை. வரைபடத்தில் ஓரம் பச்சை அடித்த சாலைகளில் மட்டுமே போவது என்று முடிவு. பச்சைக் கோடு போட்டிருந்தால் அழகான வழி.

"அழகான வழின்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "முதல்ல டாக்டர் போவார். அப்புறம் ஸ்கூலை மூடுவாங்க. அப்புறம் தபாலாபீஸ். ஆள் யாருமே இல்லன்னு ஆனதும் பச்சைக் கோடு போட்டுருவாங்க."

"ஆரம்பிச்சிட்டா," என்றான் கெவின். "பேய்க் கதைன்னு சொல்லிட்டு மனு வாசிக்கிறா."

நாங்கள் ஆறு பேர். மருத்துவமனை வாசலில் இரும்புப் பீப்பாயில் பலகைகளைப் போட்டு எரித்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்திருந்தோம். ராத்திரி நேர அவசரப் பிரிவை மூடப்போகிறார்களாம். எங்கள் மறியலுக்கு அது மூன்றாவது இரவு. கெவின் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். அவன் வாயை அடைக்கவே தனிச் சம்பளம் கொடுக்கலாம்.

நதீனும் தியெரியும் அந்தச் சாலையில் போனதற்கு முந்தின நாள் மழை. சாலையோர மரங்களுக்கு அடியில் காளான் குப்பென்று பூத்திருந்தது. தியெரி வண்டியை நிறுத்தினான். அரை மணியில் கூடை நிறைந்தது.

"ஆறு வயசுலேர்ந்து பொறுக்கறேன். எங்கப்பா கத்துக் குடுத்தது."

"உங்கப்பாவா? நம்ம கல்யாணத்துல எங்க அக்காவைப் பொண்ணுன்னு நெனச்சு வாழ்த்தினவரு," என்றாள் நதீன். "மருந்துக்கடையில காட்டு. இல்லன்னா நான் அடுப்பைப் பத்த வைக்க மாட்டேன்."

எங்கள் ஊர்களில் எல்லோரும் செய்வதுதான். பொறுக்கியதை மருந்துக்கடை மேசையில் கொட்டினால் கடைக்காரர் நல்லது கெட்டது பிரித்துக் கொடுப்பார். வெள்ளைக் கோட்டு சரியென்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை.

மலை இறங்கியதும் ஒரு சின்ன ஊர். சேன்-வெர்னி. சதுக்கத்தில் வறண்ட நீரூற்று. எல்லா வீட்டிலும் ஜன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஆனால் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கதவைத் தள்ளினார்கள். கிணிங்... ஒரு மணி. உள்ளே கற்பூர வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை... ரொம்ப நாள் பூட்டிவைத்த நிலவறை மாதிரி.

வயதான மனிதர். வெள்ளைக் கோட்டு. செய்தித்தாளை விரித்தார், கூடையைக் கவிழ்த்தார். சின்னக் கத்தியால் ஒவ்வொரு தண்டாக வெட்டினார். சரக்... சரக்... முகர்ந்தார். ஆறு காளானைத் தனியே ஒதுக்கித் தாளில் சுருட்டிக்கொண்டார்.

"எத்தனை பேர் சாப்பிடுவீங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான், முசியே."

"குழந்தைங்க?"

பதினோரு வருடம் மருத்துவரிடம் அலைந்து கைவிட்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்விக்கு நதீன் எங்கேயும் நேராகப் பதில் சொல்வதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

"இல்லை."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கத்தியைத் துடைத்து வைத்தார். கூடையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரி."

வாடகைக்கு எடுத்த வீட்டில் வெண்ணெயும் பூண்டும் போட்டு வதக்கினார்கள். தியெரி இரண்டு தட்டு சாப்பிட்டான். நதீனுக்குச் சமைத்த கையோடு பசி போய்விடும். இரண்டு வாய் காளான், மிச்சத்துக்கு ரொட்டியும் சீஸும்.

காலை நாலரை மணிக்குக் குளியலறையிலிருந்து சத்தம். தியெரி தரையில் கிடந்தான். வாந்தி. பேதி. உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் போய்க்கொண்டிருந்தது. நதீனுக்கும் குடல் முறுக்கியது. அவசர எண்ணுக்குப் போன் செய்தாள்.

"ஆம்புலன்ஸ் வர ஒண்ணேகால் மணி நேரம் ஆகும், மதாம். உங்களால ஓட்ட முடியும்னா கெளம்பி வாங்க."

"நான் என்ன செய்யட்டும்? அவரு கண்ணு சொருகுது..."

"காளான் மிச்சம் இருக்கா? ஒரு துண்டு இருந்தாலும் போதும். எந்த வகைன்னு தெரிஞ்சா வந்ததுமே சரியான மருந்தை ஏத்தலாம். தெரியலன்னா நேரம் போயிரும். கல்லீரல் காத்திருக்காது."

மிச்சம் இல்லை. வெட்டிப்போட்ட துண்டுகளைத் தியெரி அடுப்பில் எறிந்திருந்தான்.

"அந்த ஆம்புலன்ஸ் வேற எங்கயோ போயிருக்கும்," என்றான் கெவின், மெதுவாக. "மூணு மாவட்டத்துக்கு ரெண்டு வண்டி. நாங்க என்ன செய்யிறது?"

யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.

தியெரியைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு நதீன் ஓட்டினாள். மூடுபனி. வழியில் இரண்டுமுறை நிறுத்திக் கதவைத் திறந்து வாந்தி எடுத்தாள். பின்னாலிருந்து, "நதீன்... குளிருது," என்று சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு அதுவும் நின்றது. மூச்சு மட்டும்... கிர்ர்... கிர்ர்...

வழியில்தான் அவளுக்கு நினைவு வந்தது. அந்த ஆறு காளான். மருந்துக்கடைக்காரர் எடுத்துவைத்தாரே.

சேன்-வெர்னியில் நிறுத்தி ஓடினாள். கதவை இரண்டு கையாலும் அடித்தாள். அடித்த பிறகுதான் பார்த்தாள். கண்ணாடி முழுக்க உள்பக்கமாக வெள்ளை பூசியிருந்தது. பச்சைச் சிலுவை இருந்த இடத்தில் அறுந்த வயர்.

பின்னால் டார்ச் வெளிச்சம். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு விவசாயி, மாடு கறக்கப் போகிறவர்.

"அது மூடிப் பதினாலு வருஷமாச்சு, மதாம்."

"நேத்து சாயங்காலம் நாங்க உள்ள போனோம். காளான் பார்த்துக் குடுத்தாரு."

அவர் டார்ச்சைத் தாழ்த்தினார். "எத்தனை பேருன்னு கேட்டாரா?"

அவள் தலையசைத்தாள்.

"முசியே லகோம்ப். கண்ணு மங்கிருச்சு, யார்கிட்டயும் சொல்லல. கடையை மூடிருவாங்கன்னு பயம். ஒரு குடும்பத்துக் கூடையைப் பார்த்துச் சரின்னுட்டாரு. ரெண்டு குழந்தைங்க போயிருச்சு. மறுவாரம் இவரும் கீழ நிலவறையில..." டார்ச்சால் தரையைக் காட்டினார். "குழந்தை இருக்குன்னு சொன்னா மொத்தக் கூடையையும் பிடுங்கி வச்சுக்குவாருன்னு சொல்றாங்க."

"இல்லன்னு சொன்னா?"

அவர் டார்ச்சைக் காரின் பின்சீட்டுப் பக்கம் திருப்பினார்.

"தெரிஞ்சும் ஒரு பலகைகூட எழுதி வைக்கலியே, ஏன்?"

"என்னன்னு எழுதச் சொல்றீங்க? இந்த ஊர்ல நாங்க ஏழு பேரு. யாரும் காளான் சாப்பிடறதில்ல."

காருக்குள் அந்த மூச்சு இடைவெளி விட்டு வந்தது. கிர்ர்... நீளமான அமைதி... கிர்ர். நதீன் கதவருகில் மண்டியிட்டாள். கடிதம் போடும் துவாரத்தில் வாயை வைத்தாள்.

"முசியே, பொய் சொல்லிட்டேன். எங்களுக்குக் குழந்தை இருக்கு. அதுவும் சாப்பிட்டுருச்சு. சின்னக் குழந்தை, முசியே. நீங்க ஒதுக்கி வச்சதைக் குடுங்க. என் குழந்தை சாகப் போகுது..."

ஒன்றுமில்லை. பிறகு உள்ளே, ரொம்பக் கீழேயிருந்து, படியேறும் காலடி. அவசரமாக. வயதான ஆள் ஓட முயல்வதுபோல.

துவாரத்தின் தகடு தூக்கிக்கொண்டது. செய்தித்தாள் சுருள் ஒன்று வெளியே வந்து அவள் மடியில் விழுந்தது. உள்ளே ஆறு காளான். வெட்டுப்பட்ட இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

விவசாயி பின்வாங்கிக்கொண்டே சிலுவைக் குறி போட்டார். "அவர்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மதாம்."

மருத்துவமனையில் சுருளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்கள். சரியான மருந்து, சரியான நேரம். மூன்றாம் நாள் தியெரி கண் திறந்தான். முதலில் தண்ணீர் கேட்டான். அப்புறம் கேட்டான்:

"ராத்திரி வந்தாரே ஒரு வயசான டாக்டர், யாரு அவரு? கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்த்தாரு. திரைக்குப் பின்னாடி பார்த்தாரு. என்ன தேடறீங்கன்னு கேட்டேன். குழந்தை எங்கேன்னாரு."

நதீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கனவு என்றாள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே தொடங்கிவிட்டது. காலையில் எழுந்தால் அலமாரிக் கதவுகள் திறந்திருக்கும். மேல் அலமாரிகள் அல்ல. கீழே உள்ளவை மட்டும். பாத்திர அலமாரி, துணிப்பெட்டி, அடுப்புக்கு அடியில் உள்ள இழுப்பறை... ஒரு சின்னக் குழந்தை ஒளிந்துகொள்ள இடமிருக்கிற எல்லாம். தினமும் காலையில் இருவரும் மூடுவார்கள். ஆறு வருடம். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"அப்புறம் எப்படி உனக்குத் தெரியும்?" என்றான் கெவின்.

முந்தாநாள் எலோதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இங்கேதான், இரண்டாவது மாடியில். நேற்று ராத்திரி சித்தியைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் சொன்னாள்: "சித்தி, நம்ம வீட்டுக்கு ஒரு குழந்தை வந்தாச்சு." அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை. சித்தி சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எலோதி நினைத்துக்கொண்டாள்.

இன்று காலை ஏழு மணிக்குச் சித்தி திருப்பிக் கூப்பிட்டாள். முழுக்கதையும் அப்போதுதான் எலோதியிடம் சொன்னாள், எலோதி என்னிடம். குரல் உடைந்து, திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. குழந்தை உன் கையில இருக்கா? இப்ப, இந்த நிமிஷம், உன் கையில இருக்கா?

"இருக்கு சித்தி. ஏன்?"

"எழுந்து வந்து பார்த்தேன், எலோதி. ஆறு வருஷத்துல முதல்முறையா, வீட்டுல ஒரு அலமாரிக் கதவுகூடத் திறந்திருக்கல."