மணப்பெண் கேட்ட ஆப்பச் சோடா

...பயோகெமிஸ்ட்ரின்னு நான் சொன்ன உடனே பின் பெஞ்சுல ஒரு தம்பி நெஞ்சைப் பிடிச்சாரு. பாத்துட்டேன்! பயப்படாதீங்க தம்பி. சமன்பாட்டையெல்லாம் கொஞ்சம் ஓரமா வைப்போம். ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைக் கேட்டுட்டு அப்புறம் பயப்படலாம்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊர். அங்க மாட்டாஸ்பத்திரியில நான் டாக்டரா இருந்தேன். அந்த ஊர்ப் பொண்ணு சண்முகவடிவு. உங்களை மாதிரியே கால்நடை மருத்துவம், மூணாம் வருஷம். பயோகெமிஸ்ட்ரி பேப்பர்ல அரியர் வச்சு... சிரிக்காதீங்க... அப்புறம் விழுந்து விழுந்து படிச்சு பாஸ் பண்ணின பிள்ளை. அவளுக்குக் கல்யாணம்.

முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். மிச்சமான சோத்தை அண்டாவோட மண்டபத்துக்குப் பின்னால கொண்டுபோய்க் கொட்டிட்டாங்க. பக்கத்துலதான் பேச்சியம்மா வீடு. ரெண்டு கறவை மாடு, அதுதான் அந்தம்மா பொழப்பு. ஒரு மாடு கயித்தை அறுத்துக்கிட்டு வந்து... அவ்வளவு சோத்தையும் தின்னுட்டுது!

விடிஞ்சுது. தாலி கட்டியாச்சு. மேளம் ஓஞ்ச நேரம்... பின்பக்கமிருந்து பேச்சியம்மாவோட அழுகைச் சத்தம். "ஐயோ, என் லட்சுமி எந்திரிக்க மாட்டேங்கே!"

கல்யாணப் பொண்ணு என்ன செய்யணும்? பெரியவங்க கால்ல விழணும், போட்டோவுக்குச் சிரிக்கணும். நம்ம வடிவு என்ன செஞ்சா? கழுத்து மாலையைக் கழட்டி மாப்பிள்ளை கையில குடுத்தா. "இதைக் கொஞ்சம் பிடிங்க"ன்னா... ஓடிட்டா!

மாமியார் பின்னாலயே ஓடி வர்றாங்க. "ஏம்மா வடிவு! கூறைப்புடவையோட தொழுவத்துக்கா போற? சனமெல்லாம் என்ன சொல்லும்?"

வடிவு திரும்பிப் பாத்தா. "அத்தை... காலைல நீங்க காப்பி நல்லாருக்குன்னு ரெண்டாவது டம்ளர் வாங்கிக் குடிச்சீங்கள்ல? அது இந்த மாட்டுப் பாலு, அத்தை."

மாமியாரும்... பின்னாலயே தொழுவத்துக்கு வந்துட்டாங்க.

மாடு தலையைத் தொங்கப் போட்டுக் கிடக்கு. அசை போடல. வடிவு எனக்குப் போன் பண்ணினா. நான் எங்க இருக்கேன்? மூணு ஊர் தள்ளி, தடுப்பூசி முகாம்ல.

"சாணி எப்படிம்மா?"

"தண்ணியாப் போகுது டாக்டர். புளிச்ச வாடை."

"வயிறு?"

"தட்டினா தண்ணிக்குடம் மாதிரி களக் களக்குங்கு. சோறு தின்னுருக்கு, டாக்டர். சோத்துல இருக்குற ஸ்டார்ச்சை வயித்துக்குள்ள இருக்குற கிருமியெல்லாம் லாக்டிக் ஆசிட் ஆக்கிட்டுது. ஆசிட்டை அடக்கணும். ஆப்பச் சோடா குடுக்கட்டுமா?"

நான் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுகூட பாக்கி இல்ல! அளவைச் சொல்லி, "குடு தாயி, இதோ வாரேன்"னு பைக்கை எடுத்தேன்.

அதுக்குள்ள அங்க என்ன ஆச்சு? சமையல் மாஸ்டர் நல்ல மனுஷன். ஒரு குடம் மோரைத் தூக்கிட்டு வந்துட்டாரு. "குடிக்க வைங்கம்மா, வயிறு குளிரட்டும்!" குடம் மாட்டு வாய்க்கிட்ட வந்துட்டுது...

"அண்ணே, வேண்டாம்!" வடிவு குடத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "மோர்ல இருக்குறதும் அதே ஆசிட்தான், அண்ணே! உள்ள ஏற்கனவே புளிச்சுக் கிடக்கு. மோரு வேண்டாம், ஆப்பச் சோடா இருக்கா?"

"இருக்கும்மா... ஆனா சாயங்காலத்துக்கு மைசூர் போண்டா போடணுமே?"

"போண்டா வேண்டாம்ணே!"

சோடாவைத் தண்ணியில கரைச்சாச்சு. மாட்டுத் தலையை யாரு பிடிக்கிறது? சொந்தக்காரங்க எல்லாரும் பட்டும் பவுனுமா ஒதுங்கி நிக்காங்க. அப்ப ஒரு குரல்: "தள்ளுங்க... நான் பிடிக்கேன்." யாரு? மாமியார்! புடவையை இழுத்துச் சொருகிட்டு, சாணியில உக்காந்துட்டாங்க.

"தலையை ரொம்பத் தூக்காதீங்க, அத்தை. நுரையீரலுக்குள்ள போயிரும்."

"சரிம்மா, நீ மெதுவா ஊத்து."

கொஞ்சம் கொஞ்சமா, இடைவெளி விட்டு விட்டு, உள்ள போச்சு. நான் போய்ச் சேர்ந்தப்ப என்ன பாத்தேன் தெரியுமா? வடிவு வளையலையெல்லாம் முழங்கை வரைக்கும் ஏத்தி விட்டுட்டு, அசை போட்டுக்கிட்டு நின்ன இன்னொரு மாட்டு வாய்க்குள்ள, மருதாணி போட்ட கையை விட்டு இரையைத் திருடிக்கிட்டு இருக்கா! எதுக்கு? அந்த இரையில நல்ல கிருமி இருக்கு. படுத்துக் கிடக்குற மாட்டு வயித்துல அதெல்லாம் செத்துப் போச்சு. புதுசாக் குடியேத்தணும். பேச்சியம்மா வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னுச்சு.

நான் குளுக்கோஸ் பாட்டில்காரன் மாதிரி நரம்புல ஊசி போட்டு மருந்து ஏத்தினேன், அவ்வளவுதான் என் வேலை. பொழுது சாயிற நேரம்... லட்சுமி முன்னங்காலை ஊனுச்சு. தடுமாறுச்சு. எந்திரிச்சு நின்னுச்சு! கொஞ்ச நேரத்துல தாடை அசைஞ்சுது. பேச்சியம்மா ஓடிவந்து... மாட்டைக் கட்டிப் பிடிக்கல... பொண்ணைக் கட்டிப் பிடிச்சுது. மாமியார் ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னாங்க: "எம் மருமக டாக்டரு!" இன்னும் படிப்பே முடிக்கல!

இப்ப உங்ககிட்ட வர்றேன், பிள்ளைகளா. மோரும் நல்லதுதான். அதைக் கொண்டு வந்தவரும் நல்லவர்தான். நல்ல மனசு மட்டும் போதும்னா அன்னைக்கு அந்த மாடு செத்துருக்கும். போதாது! உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும். மாட்டுக்கு வாய் இருக்கு, பேச்சு இல்ல. ஆனா அதோட சாணி பேசுது, மூச்சு பேசுது, ரத்தம் பேசுது. அந்தப் பேச்சைப் புரிஞ்சுக்குற படிப்புதான் நீங்க இன்னைக்கு ஆரம்பிக்கிற இந்தப் பாடம். நாளைக்கு உங்க முன்னால வந்து நிக்கிற ஆட்டுக்கோ, நாய்க்கோ, கோழிக்கோ நீங்க என்ன மார்க்னு தெரியாது. 'எனக்குள்ள என்ன ஆச்சு?'ன்னு மட்டும்தான் அது உங்களைப் பாக்கும்.

அந்தக் கண்ணைப் பாத்து, 'தெரியும்டா... நான் இருக்கேன்'னு சொல்லணும். அதுக்காகப் படிங்க!