மேலூர் வாழைத்தோட்டத்தில் ஏற்பட்ட காயம் குறித்து ராசாத்தி சொன்னது

என் பெயர் ராசாத்தி, வயது 43, கணவர் பெயர் கலையரசன். ஸ்ரீரங்கம் மேலூரில் குடியிருக்கிறேன். குத்தகைத் தோட்டத்தில் தனியாளாக வாழை இலை அறுத்து விற்பது தொழில். தற்சமயம் இடது தொடையில் பதினான்கு தையலுடன் அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாக, முழு நினைவுடன் இருக்கிறேன். என்னை வெட்டியதாகச் சொல்லி, பக்கத்துத் தோட்டத்துச் சின்னையனைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருப்பதாக அறிந்து, விசாரிக்க வந்த சிறப்பு உதவி ஆய்வாளரிடம் இதைச் சொல்கிறேன்.

என்னை யாரும் வெட்டவில்லை. நேற்று காலை சுமார் ஏழு மணிக்கு இலை அறுத்துக்கொண்டிருந்தபோது, வரப்பில் கால் வழுக்கி, கையிலிருந்த அரிவாள் என் தொடையிலேயே இறங்கிவிட்டது. இரத்தம் பீறிட்டது. அதன் பிறகு, இலைக்கட்டு கட்டிக் கட்டிப் பழகிய கை தானாகவே வாழைநாரை எடுத்துக் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டிவிட்டது. நார் சதையை அறுத்ததே தவிர இரத்தம் நிற்கவில்லை.

அதன் பிறகு, தனியாக வேலை செய்பவர்களுக்கென்று போன மாதம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் செவிலியர் தேவதர்ஷினி நடத்திய முதலுதவிப் பயிற்சி நினைவுக்கு வந்தது. "நாரு, கயிறெல்லாம் வேணாங்க. துணிய மடிச்சு வெட்டு மேலயே வச்சு அழுத்துங்க. எடுத்து எடுத்துப் பாக்காதீங்க" என்று அவர் சொல்லியிருந்தார். நாரை அறுத்தெறிந்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை மடித்துக் காயத்தின் மேல் அழுத்தியபடி மல்லாந்து படுத்து, இலைக்கட்டின் மேல் காலைத் தூக்கி வைத்தேன். அதன் பிறகு 108க்குப் போன் செய்து, மேலூர் ரோட்டில் டிரான்ஸ்பார்மர் தாண்டி இடப்பக்கம் இரண்டாவது வண்டிப்பாதை என்று தடுமாறாமல் சொன்னேன். இடத்தைச் சொல்லிப் பழக வைத்ததும் அந்தப் பயிற்சியில்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு கை தளரத் தொடங்கியதால், பயிற்சியில் கொடுத்த விசிலை ஊதினேன். சின்னையன் ஓடி வந்தார். தண்ணீர் முறை விஷயத்தில் எனக்கும் அவருக்கும் நான்கு வருடமாக எலியும் பூனையும்தான். நான் பயிற்சிக்குப் போனதை, "தனியா கெடந்தா யாரு வந்து பாக்கப் போறா, வாழமரமா?" என்று ஊரெல்லாம் கேலி செய்தவரும் அவரே. என்னைப் பார்த்ததும் அலறி, துண்டைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தார். "எடுக்காதீங்கண்ணே! ரெண்டு கையையும் வச்சு அழுத்துங்க. நான் மயங்கிட்டாலும் கைய எடுக்கக் கூடாது" என்று அதட்டினேன். நான்கு வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் மண்டியிட்டு இரண்டு கையாலும் அழுத்தினார். அதன் பிறகு எனக்கு நினைவில்லை.

இரத்தக் கையோடு, அரிவாளுக்குப் பக்கத்தில் அவர் இருந்ததைப் பார்த்துத்தான் ஊரார் தப்பாக எண்ணிவிட்டார்கள். ஆம்புலன்சில் வந்தவர்கள் விலகச் சொன்னபோதும், "அந்தப் பொண்ணு எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்குங்க" என்று கையை எடுக்க மறுத்தாராம். அவர்களே என்னிடம் சொன்னார்கள்.

பாதி உயிரை நான் பிடித்து வைத்திருந்தேன், மீதியை அவர் பிடித்தார். அவரை உடனே வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர்த் தகராறு இன்னும் தீரவில்லை; அதை நாங்கள் வாய்க்கால் கரையில் நின்று பேசிக்கொள்வோம், போலீஸ் வேண்டியதில்லை.

எழுதியதை வாசித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்த உண்மை.

(ஒப்பம்) க. ராசாத்தி