பாறைக்குள் ஒரு ஜன்னல்

— ரெண்டு தடவ இதத் தாண்டி மேல போயிட்டுத் திரும்பி வந்தேன். பாறைன்னுல்லா நெனச்சேன். நீங்க கூப்பிடலேன்னா இன்னும் தேடிக்கிட்டுத்தான் அலைஞ்சிருப்பேன்.

— அதுதாம்ட்டி வேணும். பெரிய துரை மொத நாளே சொல்லிட்டாரு, பங்களாவுல தங்குதவங்களுக்கு அருவி முழுசும் தெரியணும், அருவிக்கரைல நிக்கவங்களுக்குக் கட்டடம்னு ஒண்ணு கண்ணுல படக் கூடாதுன்னு. உம் புருசன் செஞ்சு காட்டிட்டான் பாத்தியா.

— செவுத்துல பாசி படந்திருக்கே. வேலை தொடங்கியே ஆறேழு மாசந்தானே ஆச்சு.

— பாசியோட வந்த கல்லு அது. புதுசா ஒடைச்சா வெள்ளையாப் பல்லக் காட்டும்லா. மலைல கெடந்த பழங்கல்லாப் பாத்துத் தூக்கிட்டு வரச் சொன்னேன். எந்தப் பக்கம் வெயில் பட்டுக் கெடந்துதோ அந்தப் பக்கம் வெயிலுக்கு, பாசிப் பக்கம் நெழலுக்கு. ஒவ்வொரு கல்லுலயும் காவியால நம்பர் போட்டு அடுக்குனோம். ஏசுவடியான் கொத்தனாருக்குப் பொறுமை போயிட்டு. ‘ஓவர்சியர் ஐயா, கல்லு எடுக்கியளா, பொண்ணு பாக்கியளா’ன்னு கேட்டுட்டாரு.

— சாந்துகூட கறுப்பா இருக்கு.

— கரித்தூளு போட்டு அரைச்சது. கூரைல புல்லு வளத்திருக்கேன். குரங்கு குட்டியோட வந்து உக்காந்து பேன் பாக்குது. கீழ ஒரு வீடு இருக்குன்னு அதுக்கே தெரியல.

— நல்லாத்தான் இருக்கு. பிள்ளை போன பொறவு உங்க மொகத்துல இன்னைக்குத்தான் சிரிப்பப் பாக்கேன்.

— நாளைக்குத் திறப்பு. ஜில்லா போர்டு பிரசிடென்டும் ரெண்டு துரைமாரும் வாராவ. அவங்களுக்குப் பிடிச்சுட்டா எனக்கு வேலை நெரந்தரம். தென்காசியிலயே ஆபீசு. இங்கன முன்பக்கம் வந்து நில்லு, பெரிய அருவி எப்படித் தெரியுதுன்னு பாரு.

— அது கெடக்கட்டும். இந்தக் கடைசி அறைல அது என்ன, சின்னதா ஒரு ஜன்னலு?

— அது காத்துக்கு வச்சது.

— தெறங்க, பாப்போம்.

— பொறவு பாக்கலாம். கொண்டி இறுகிக் கெடக்கு.

— எங்க இறுகிக் கெடக்கு? எண்ணெயில்லா போட்டு வச்சிருக்கு. விரலால தள்ளுனா தெறக்குது. ஏங்க, இது எங்க ஓடைல்லா?

— எந்த ஓடை?

— பொம்பளையாளுக குளிக்க எடம். கல்லு கொத்துத சத்தம் எங்களுக்கும் கேக்கும். மலைக்கு அந்தப் பக்கம் எங்கனயோ கட்டுதாவன்னு இருந்தோம். எங்க தலைக்கு மேலயா கட்டிக்கிட்டு இருந்திய?

— இங்கன இருந்து தூரந்தான. ஆளு அடையாளம் ஒண்ணும் தெரியாது.

— தெரியாதா? அந்தா நிக்கது கடையநல்லூர் ராபியா. இடது கைல அஞ்சு வளையலு கெடக்கு, எண்ணிட்டேன். முக்காடு இல்லாம தெருவுல கால் வைக்க மாட்டா அவ. பெரிய அருவில ஆம்பளைக் கூட்டம்னுதான இங்கன வந்து, நம்மளப் பாக்க ஆரும் இல்லேன்னு நம்பி முடியை அவுத்து விட்டுக்கிட்டு நிக்கா. நாளைக்குத் துரைமாரு நாற்காலி போட்டு உக்காந்து அவளப் பாப்பாவளா?

— அவங்க இந்த அறைக்கு எதுக்கு வாராவ? முன்பக்கந்தான் இருப்பாவ.

— ஜன்னலுன்னு ஒண்ணு இருந்தா தெறக்காம இருப்பாவளா? நாளைக்கு ஒருத்தர், அடுத்த வருசம் நூறு பேரு. வெளிய இருந்து பாத்தா வெறும் பாறை, உள்ள ஆளு நிப்பான். இதை இன்னைக்கே அடைங்க.

— வெளையாடாதட்டி. பிளான்ல உள்ளது, கையெழுத்து வாங்குனது. திறப்புக்கு மொத நாளு செவுத்துல கை வச்சா என்ன ஏதுன்னு கேப்பாவ. வந்த வேலை கெட்டுப் போகும். தை மாசம் நான் சங்கிலி பிடிச்சு அளந்தப்ப அங்கன ஈ காக்கா கெடையாது. காஞ்ச ஓடை. சாரல்ல பொம்பளைங்க வருவாங்கன்னு நான் கண்டேனா?

— தை மாசம் போட்ட பிளான்ல இந்த ஜன்னலு கெடையாது.

— ஆரு சொன்னா?

— கொத்தனாருதான் சொன்னாரு. வழில பாத்தேன். இந்தப் பக்கம் முழுச் செவுரா எழுப்பியாச்சாம். ஆனி மாசம் நீங்களே வந்து நின்னு, கட்டுன செவுத்த ஒடைச்சு ஜன்னலு வைக்கச் சொன்னியளாம். அவரு குத்தமாச் சொல்லல. ‘ஐயாவுக்குக் காத்து பத்தல’ன்னு சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. ஆனி மாசம் சாரல் விழுந்தாச்சு, நாங்களும் குளிக்க வந்தாச்சு. அப்ப தெரிஞ்சுதான வச்சிருக்கிய?

— குழலு, மெதுவாப் பேசு. வெளிய ஆளு நிக்கு.

— இந்த அறைச் சாவி ஆருட்ட இருந்துது?

— எங்கிட்டதான். ஒரு வேலையாளக்கூட உள்ள விட்டதில்ல. வேணும்னா கொத்தனாருட்டயே கேளு.

— வேற ஆரும் வரல. அப்ப நீங்க மட்டும் வந்து நின்னிய.

— அப்படிக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?

— குற்றாலநாதர் மேல சத்தியமாச் சொல்லுங்க. பாத்தியளா, இல்லையா?

— பாத்தேன்.

— எத்தன நாளு?

— தெனமும். சாயங்காலம்.

— கேக்கதுக்கே எனக்கு உடம்பு கூசுது. எங்க வடிவக்கா அங்கனதான் குளிக்கா. பேராச்சி மக, சடங்காகி ரெண்டு மாசம் ஆகல, அவளும் வருதா. எம் புருசன் ஒரு பொம்பளைய நிமிந்து பாக்க மாட்டாருன்னு அவங்ககிட்டயே பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் நானு. இனிமே அவங்க மொகத்துல எப்படி முழிப்பேன்? நான் அச்சன்புதூருக்குப் போறேன். எங்க அம்மை கஞ்சி ஊத்துவா. நீங்க உங்க துரைமாரோட இருந்துக்கிடுங்க.

— ஏட்டி, நில்லு. நில்லுன்னு சொல்லுதேன்லா. அவங்க எல்லாரும் குளிச்சுட்டு வீட்டுக்குப் போற வரைக்கும் நான் வெளியதான் நிப்பேன். போன பொறவுதான் வந்து ஜன்னலத் தெறப்பேன்.

— பொய் சொல்லாதிய. எல்லாரும் போன பொறவு அங்கன பாக்கதுக்கு என்ன இருக்கு? நான் ஒருத்திதான உக்காந்திருப்பேன்.

— ஆமா.

— என்ன ஆமா?

— உன்னத்தான் பாத்தேன்.

— வீட்டுல இருக்கவள ஒளிஞ்சு நின்னு பாக்கணுமா?

— அடைச்சிருதேன் குழலு. நீ சொன்னது நெசம், இது இருக்கக் கூடாதுதான். இப்பவே கொத்தனாரக் கூப்பிட்டு அடைச்சிருதேன். வேலை போனா போகட்டும். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. இனிமே அங்கன தனியா உக்கார மாட்டேன்னு சொல்லு.

— நான் எதுக்கு உக்காரக் கூடாது? வீட்டுல நிமிந்து பாத்தா தொட்டிலு கட்டுன உத்திரம் தெரியுது. அழுதா பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து மூக்கச் சிந்துதா. அங்கன தண்ணிச் சத்தத்துல நான் அழுகது எனக்கே கேக்காது.

— அழு, நல்லா அழு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. பிள்ளையப் பொதச்ச மறு வாரத்துல இருந்து அந்தப் பாறை நுனியில காலத் தொங்கப் போட்டுக்கிட்டு, குனிஞ்சு தண்ணியவே பாத்துக்கிட்டு இருக்கியே, அத என்னால தாங்க முடியல. அந்த எடத்துல கீழ இருக்கது ஓடை இல்லட்டி, கசம். முப்பதடி ஆழம். கயித்துல கல்லக் கட்டி விட்டு அளந்தவன் நான். அங்கன உக்கார வேண்டாம்னு சொன்னா வேற எங்கயாவது போயிருவியோன்னு பயம். அதுக்குத்தான் செவுத்த ஒடைச்சேன். கீழ இறங்க, உங்க கண்ணுல படாம பாறை மறைவுல இருபது படியும் வெட்டச் சொன்னேன். நீ எந்திரிச்சு நின்னா ஓடி வந்து பிடிச்சிரலாம்லா.

— இருபது படிதானங்க. மூணு மாசத்துல ஒரு நாளு, நான் உக்காந்திருக்கும்போதே எறங்கி வந்து பக்கத்துல உக்காந்திருக்கலாம்லா?