ஒருத்தர் முந்திக்கக் கூடாது

– கைய வெக்காத கண்ணு, அடுக்கு கலைஞ்சுடும். உன் கல்யாணத்துக்கு அடுத்த வாரத்துப் பொஸ்தகம் அடியில கீது. முந்தாநாள் வந்தது மேல கீது.

– இத்தினியும் படிக்காமயா வெச்சினு கீற நைனா?

– பிரிக்கவே இல்லன்றேன். தபால்ல சுத்தி வந்த காயிதம் அப்டியே கீது பாரு. பசை கூட உடையல.

– பொஸ்தகம் வர்ற நாளுன்னா கொரட்டூர் ஸ்டேஷன்லேர்ந்து ஓட்டமா வருவியே. நீயா பிரிக்காம இருந்த?

– நீ இல்லாம இன்னாத்துக்குப் பிரிக்கிறது? உங்கம்மா போனதுலேர்ந்து நமக்குள்ள சட்டம் இன்னா? கதை படிக்கிறதுல ஒருத்தர் முந்திக்கக் கூடாது. அதான் சங்கதி.

– அது நான் பாவாடை கட்டினு திரிஞ்சப்ப போட்ட சட்டம்.

– பதினேழு வயசுலயும் நீ மீறலியே. பக்கத்தூட்டு பூங்காவனம் கேக்கும், "எத்திராஜு, கல்யாண வயசுப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு ஒக்காந்து கதை படிச்சினு கீற"ன்னு. வயசு ஏற ஏறத்தான் கதை புரியும்னு சொல்வேன்.

– இப்ப இன்னா சொல்லுது?

– ஒண்ணும் சொல்லல. ஊட்ல சத்தமே இல்ல, எதைப் பத்தி சொல்லும்?

– வேளைக்கு சாப்புடுறியா நைனா?

– காலையில ஆக்கினா ராத்திரிக்கும் ஆச்சு. பேச்ச மாத்தாத. ஆடி முடியற வரைக்கும் நீ என் ஊட்டுப் பொண்ணு. மாப்ள நேத்து விருந்து சாப்ட்டு கெளம்பியாச்சு. ஆவணி பொறந்தாதான் வந்து அழைச்சினு போவாரு. ஒக்காரு.

– காத்து பேப்பரத் தூக்குது. நான் ஓரத்தப் புடிச்சிக்கிறேன்.

– புடி, அடியில கீறதப் பிரிச்சுட்டேன். யுத்தத்துல காயிதம் கெடைக்காம பொஸ்தகமும் எளைச்சுப் போச்சு, அப்பளம் மாதிரி. தொடர்கதைய எங்க வுட்டோம்? ஜட்காக்கார மாணிக்கம் கோமளத்த ஏத்தினு பூந்தமல்லி ரோட்டுல வரான். குதிரை பேரு ராணி.

– ஞாபகம் கீது.

– கேளு. "மாணிக்கம் வண்டியை நிறுத்தினான். ராணி புல்லை மேய்ந்தபடியே தலையை ஆட்டியது. இன்னும் கொஞ்ச தூரம்தான் தாயே, என்றான் அவன்." கொரல் சரியா கீதா? நாலு மாசமா பேச ஆள் இல்லாம தொண்டை துரு புடிச்சுப் போச்சு.

– மாணிக்கம் அப்டியேதான் கீறான். மேல படி நைனா.

– "கோமளம் வெளியே எட்டிப் பார்த்தாள். தூரத்தில் ஒரு விளக்கு..." கண்ணு, இன்னாத்துக்கு அழுவுற?

– அழுவல. தூசி.

– தூசின்னா ஒரு கண்ணுல வுழும். உனக்கு ரெண்டுலயும் வழியுது. புல்லு தின்ற குதிரையப் பாத்து யாராவது அழுவாங்களா?

– அது சாவப் போவுது நைனா.

– நான் இன்னும் அந்தப் பக்கத்தத் திருப்பவே இல்லியே.

– தெரியும்.

– அப்ப இதெல்லாம் உனக்குப் பழசு.

– அங்க அவரு வாரா வாரம் பூந்தமல்லி பஜாருக்குப் போயி வாங்கினு வருவாரு. தோட்டத்துல எவ்ளோ வேலை இருந்தாலும் அத வுடமாட்டாரு.

– ம். நல்லதுதான். புரோக்கர் லோகநாதன் கிட்ட நான் இன்னா கேட்டேன்? நெலம் வேணாம், மாடி ஊடு வேணாம், படிச்ச புள்ளையா இருந்தா போதும்னேன். எட்டாவது பாஸுன்னான். பரவால்ல, லோகநாதனும் ஒரு தடவை நெசம் பேசிகீறான். மாப்ள கொரல் மாத்திப் படிப்பாரா? குதிரை வந்தா கனைப்பாரா?

– உன்ன மாதிரி யாருக்கு நைனா வரும்?

– என் மனசுக்காகச் சொல்லாத. சரி, வுடு, பொஸ்தகக் கட்ட எடுத்து உள்ள வெக்கிறேன். கேட்ட கதைய இன்னொரு தரம் எதுக்குக் கேக்கணும்?

– வெக்காத. கோவமா?

– கோவம் இல்ல கண்ணு. இந்த ஆடி மாசத்துக்காவது ஊட்ல பேச்சு கேக்கும்னு நெனைச்சினு இருந்தேன். அதான் சங்கதி.

– எனக்கும் எல்லா வாரமும் தெரியாது. நடுவுல ஒண்ணு வுட்டுப் போச்சு.

– எப்டி வுட்டுப் போவும்?

– அந்த வாரம் அவரு பழசையே திரும்ப வாங்கினு வந்துட்டாரு. அட்டை கிழிஞ்சு படமே இல்ல. புதுசுன்னு நெனைச்சு, மழை வேற, சட்டைக்குள்ள வெச்சு பூனைக்குட்டி மாதிரி எடுத்தினு வந்தாரு. நானும் அவரும் சிரிச்சோம் பாரு.

– அட்டை இல்லன்னா இன்னா? உள்ள நாலு வரி பாத்தா படிச்ச கதைன்னு தெரியாதா?

– அடுக்கு கலையுது நைனா, சரி பண்ணிக்கிறேன்.

– வசந்தா.

– இன்னா நைனா.

– மாப்ளைக்கு எழுத்து தெரியாதா?

– கையெழுத்து போடுவாரு. நான் கத்துக் குடுத்தேன்.

– ஏமாத்திட்டானுங்களா? நாளைக்கே சென்னீர்குப்பம் போறேன். அவங்க வாசல்ல நின்னு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்.

– லோகநாதன போயி கேளு. இவரு ஏமாத்தல. கல்யாணம் ஆன மொத வாரமே சொல்லிட்டாரு. "உங்க நைனா கேட்ட புள்ள நான் இல்ல. உனக்கு இஷ்டம் இல்லன்னா நானே கொரட்டூர்ல கொண்டாந்து வுடறேன்"னாரு.

– நீ இன்னா சொன்ன?

– பூந்தமல்லியில பொஸ்தகம் கெடைச்சா வாங்கியான்னு சொன்னேன்.

– அப்ப படிக்கிறது...

– நான்தான். மாணிக்கத்துக்கு உன் கொரல்தான் போடுவேன். குதிரை கூட கனைப்பேன், மாமியார் எங்கனா போனப்புறம்.

– கனைப்பியா நீ?

– ராணி சாவற எடத்துல அவரு எழுந்து வெளிய போயிட்டாரு. ரொம்ப நேரம் வரல. அப்புறம் மூஞ்சத் தொடச்சினு வந்தாரு. இன்னான்னு கேட்டா, தூசின்னாரு.

– ம்.

– நேத்து வண்டி ஏறும்போது கூட என்ன தனியாக் கூப்ட்டு சொன்னாரு நைனா. அதான் காலையிலேர்ந்து உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல.

– இன்னா சொன்னாரு?

– "உங்க நைனா ஊட்ல பொஸ்தகம் வரும். நான் இல்லாம நீ முந்திக்காத"ன்னாரு.

– அவருமா?

– ஆமா நைனா. சரின்னு தலையாட்டிட்டேன். உனக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டம். நடுவுல நான் இன்னா பண்றது?

– அந்த மேல கீற பொஸ்தகத்தக் குடு இப்டி.

– பிரிக்கப் போறியா?

– காத்துல பறக்காம கல்லு வெக்கப் போறேன். ஞாயித்துக்கெழமை மாப்ளய வரச் சொல்லி ஆள் அனுப்பு. ஆடியில மாப்ள மாமனாரூட்ல தங்கக் கூடாது, அவ்ளோதான். கதை கேட்டுட்டு சாயங்காலம் வண்டி ஏறக் கூடாதுன்னு யாரும் சொல்லல.

– பூங்காவனம் சிரிக்கும் நைனா.

– சிரிக்கட்டும். ஊட்ல சத்தம் கீதுன்னு தெரியும் இல்ல.

– அவரு எதிர்ல நீ குதிரை மாதிரி கனைப்பியா?

– நான் இன்னாத்துக்குக் கனைக்கிறேன்? நீ படி, நான் மாப்ள பக்கத்துல ஒக்காந்துக்கிறேன். எனக்கு இதுவரைக்கும் யாரும் படிச்சுக் காட்டினதே இல்ல கண்ணு.