இரண்டாவது பூட்டு

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். வீடியோ கேம் கேசட்டை வாயால் ஊதாதீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், நீங்களும் கடைக்குள் வந்ததும் அதைத்தான் செய்தீர்கள். மூச்சில் இருக்கும் ஈரம் அந்தச் செப்புப் பற்களில் படிந்து மெல்ல அரித்துவிடும். ஊதியதால் வேலை செய்தது என்பது பிரமை. கழற்றி மாட்டியதால்தான் வேலை செய்தது. இதோ பஞ்சு, இதோ ஸ்பிரிட். துடைத்துவிட்டு மேசைமேல் வையுங்கள். அந்த ஸ்டூலில் ஒரு கால் ஆடும், பார்த்து உட்காருங்கள். பிறகு நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"லிஃப்டுக்கு உள்கதவுல ஒரு பூட்டு, வெளிக்கதவுல ஒரு பூட்டு. ஒண்ணு திறந்து இன்னொண்ணு திறக்கலேன்னா ஆளு நடுவுலதான் நிக்கணும். இந்த கேசட்டுல ரெண்டாவது பூட்டு ஏதாவது இருக்கா, தம்பி?"

லிஃப்ட் மெக்கானிக் என்றால் லிஃப்டோடு நின்றுவிடுவார் என்று நினைத்தது என் தவறு. நீங்கள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதையும் கவனித்தேன். பதிலுக்கு நான் உங்களை அத்தான் என்று கூப்பிட வேண்டும். இன்னும் வாய் வரவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன்.

இந்தக் கேசட்டை வாங்கி வந்தது எங்கள் அம்மா. வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பும்போது, பிள்ளைகள் வீடியோ கேம் ஆடுகிறார்களே என்று கண்ணில் பட்டதை வாங்கிவிட்டார். அது வேறு நாட்டுக் கன்சோலுக்கானது, நம் ஊர் ஆட்டப்பெட்டிக்கு ஆகாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் கன்சோலில் அது நுழையவே இல்லை. அக்கா அழுத்தினாள், நான் அழுத்தினேன், இருவரும் சேர்ந்து அழுத்தினோம். கன்சோலின் மூடி உடைந்ததுதான் மிச்சம். கேசட் அலமாரிக்குப் போனது. அம்மா காலமான பிறகும் அங்கேயே இருந்தது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதனால்தான் என்று அக்கா எல்லோரிடமும் சொல்வாள். இருக்கலாம். இன்று ஊரில் யார் வெளிநாட்டுக் கேசட் வாங்கினாலும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். வேலை பெரிதல்ல. கன்சோலுக்குள் ஒரு சிப் இருக்கிறது, கேசட்டுக்குள் ஒரு சிப் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் இரண்டும் கிசுகிசுத்துக்கொள்ளும். ஒரே ஊர்க்காரர்கள் என்றால் ஆட்டம் தொடங்கும், இல்லையென்றால் திரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் நான் ஒரு அடாப்டரைச் செருகுகிறேன். அது கன்சோலிடம், 'இவன் நம்ம ஆளுதான், விடு' என்று பொய் சொல்கிறது. அதுதான் முதல் பூட்டு. அதை நான் ஒழுங்காகத்தான் திறந்தேன்.

நீங்கள் கேட்ட இரண்டாவது பூட்டு எல்லாக் கேசட்டிலும் இருக்காது. சில ஆட்டங்களை எழுதியவர்கள், என்னைப் போன்றவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்து ஆட்டத்துக்குள்ளேயே அதை ஒளித்துவைத்தார்கள். ஊர் மாறிய கன்சோல் என்று கண்டுபிடித்தால் அது சத்தம் போடாது. ஆட விடும். போகிற வழியில் பகைவர்களை மட்டும் இரண்டு மூன்று மடங்காக்கும். இந்த ஆட்டத்தில் தீவு தீவாகப் போக வேண்டும்; கடைசித் தீவு, கடைசிச் சண்டை என்று வரும் நேரத்தில் திரை அப்படியே உறைந்துவிடும். அணைத்துப் போட்டால் அதுவரை சேமித்த எல்லாமே அழிந்திருக்கும். மறுபடி முதல் தீவு. இவ்வளவு பொறுமையான ஒரு வஞ்சத்தை நான் மொழிபெயர்ப்பு நாவல்களில்கூடப் படித்ததில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அதை எடுக்க அடாப்டரில் ஒரே ஒரு கம்பி ஒட்டினால் போதும். ஊற்றிவைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கம்பிச் சுருள் இந்த இழுப்பறையில்தான் இருக்கிறது.

அக்காவை உங்களுக்கு ஓரளவு தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிற வழியில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவளை நீங்கள்தான் வெளியே எடுத்தீர்கள். ஆனால் அவள் எதையும் பாதியில் விடமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. புளிக்கிற ஆரஞ்சைக் கடைசிச் சுளைவரை தின்பாள். மோசமான நாவலைத் திட்டிக்கொண்டே முடிப்பாள். இரவில் தூக்கம் வந்து நிறுத்திய சண்டையைக் காலையில் பல் துலக்கிக்கொண்டே விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

உங்களுக்கு மாற்றல் வந்தது. கல்யாணத்தை முடித்துக்கொண்டு இருவரும் அந்த ஊருக்குப் போவது என்று பேசினீர்கள். அன்று எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அக்கா அலமாரியைக் காட்டி, "அம்மா வாங்கின கேசட்ட ஒரு தடவ முடிச்சுப் பாத்துட்டு வந்துடறேனே" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள்.

"சரி, முடி. தேரா இழுக்கப் போற? ஒரு வாரம் ஆகுமா?"

"இவன் அடாப்டர் செஞ்சு குடுத்தா ஆகும். டேய், செய்வியா? இல்ல வெளியாளுக்கு மட்டும்தானா?"

"செய்றேன்க்கா. என் கல்யாணப் பரிசு" என்றேன் நான்.

முதல் தடவை அழிந்தபோது எனக்கே தெரியாது என்று சொல்வதாகத்தான் இருந்தேன். நீங்கள் பூட்டைப் பற்றிக் கேட்ட பிறகு அதில் சுவை இல்லை. தெரியும். பரிசாகக் கொடுப்பதற்கு முன் நானே கடைசித் தீவுவரை ஆடிப் பார்த்தேன். சரியாக உறைந்தது, சரியாக அழிந்தது. சோதிக்காமல் எதையும் கொடுப்பது என் வழக்கமல்ல.

அவள் ஆடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆட்டத்தின் எழுத்து ஒன்றுகூட எங்களுக்குப் புரியாது. நாற்காலி போலிருக்கும் எழுத்து வந்தால் 'ஆம்', உடைந்த குடை போலிருந்தால் 'இல்லை' என்று அவளே ஒரு பாஷை கண்டுபிடித்தாள். ஆட்டத்தில் ஒரு விளக்குக்காரி தீவு தீவாகப் போய் விளக்கேற்ற வேண்டும். "இந்தத் தீவுல ஏன்டா இவ்ளோ நண்டு? இதென்ன தீவா, மீன் மார்க்கெட்டா?" என்பாள். அத்தனை நண்டும் அடாப்டரின் உபயம். "கஷ்டமான ஆட்டம்தான்க்கா" என்று நான் தட்டில் ரொட்டியை நீட்டுவேன்.

முதல் தடவை திரை உறைந்தபோது சிரித்தாள். இரண்டாவது தடவை கன்சோலைத் தலையணையால் அடித்தாள். நீங்கள் கல்யாணத் தேதியைத் தள்ளிவைத்தீர்கள். மூன்றாவது தடவை அவள் கன்சோலை அணைத்தாள். பிறகு, "போதும்டா. முடிக்காமலே போயிடறேன். அவரும் எவ்ளோ நாள்தான் காத்திருப்பாரு" என்றாள்.

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். நடந்ததில் அது ஒன்றைத்தான் நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்லலாம்.

"அம்மா இருந்தா நீ முடிக்கறதப் பாக்கணும்னு ஆசைப்பட்டிருப்பாங்கல்ல?"

அம்மாவுக்கு அப்படி எந்த ஆசையும் இருந்ததில்லை. அந்தப் பெட்டியை அணைத்துத் தொலையுங்கள் என்பதைத் தவிர வீடியோ கேமைப் பற்றி அவர் வேறொன்றும் சொன்னதில்லை. அக்காவுக்கும் அது நினைவிருக்கும். ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். முதல் தீவின் இசை தொடங்கியது. நான் போய் இரண்டு டீ போட்டு வந்தேன்.

என் சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆள் வேண்டுமே என்று செய்ததாக நினைக்காதீர்கள். எனக்குப் பொத்தான் தைக்கத் தெரியும். நன்றாக வராது, அவ்வளவுதான். தனியாகச் சாப்பிடுவதும் ஒரு பெரிய விஷயமில்லை. நான் அவளுக்காகத்தான் செய்தேன். நல்ல நாவலில் கடைசிப் பக்கங்கள் நெருங்கும்போது நான் வேண்டுமென்றே மெதுவாகப் படிப்பேன். முடிந்துவிட்டால் அந்த மனிதர்கள் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள், அறை காலியாகிவிடுகிறது. அக்காவுக்குக் கடைசிப் பக்கம் இல்லாத ஒரு நாவலைக் கொடுத்தேன். அவளை யாரும் கட்டிப்போடவில்லை. வாசல் கதவு திறந்தேதான் இருந்தது.

நான் படிக்கிற நாவல்களில் குற்றம் செய்தவனுக்குக் காய்ச்சல் வரும், பனியில் தெருத்தெருவாக அலைவான். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. நன்றாகத் தூங்கினேன். அதனால் இது குற்றமாக இருக்காது என்றும் தோன்றியது.

நீங்கள் உள்ளே வந்தபோது சொன்னீர்களே, அதுதான் கொஞ்சம் உறுத்தியது. கேசட்டையும் அடாப்டரையும் அக்காவே உங்களிடம் கொடுத்து அனுப்பினாளாம். "தம்பிகிட்ட குடுங்க, அவன் சரி பண்ணிடுவான். அவன் கைக்கு ஆகாததே கிடையாது" என்றாளாம். கடையில் இவ்வளவு காலம் உட்கார்ந்திருக்கிறேன், என் வேலையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதனால்தான் வாயைத் திறந்தேன்.

உங்களுக்கும் இனி தவணை இல்லை என்று புரிகிறது. திங்கட்கிழமை அந்த ஊரில் நீங்கள் வேலையில் சேர வேண்டும். பெட்டி கட்டியாகிவிட்டது. அக்கா நான்காவது தடவையாகக் கடைசித் தீவின் கரையில் நிற்கிறாள், ஒரே ஒரு விளக்குதான் பாக்கி. அதை ஏற்றிவிட்டு உங்களோடு வண்டி ஏறுவதாகவும், கல்யாணத்தை அந்த ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறாள். ஏற்ற முடியாவிட்டால் நீங்கள் தனியாகத்தான் ஏற வேண்டியிருக்கும். அவள் பாதியில் விடமாட்டாள்.

ஆகவே தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பூட்டு இருக்கிறது. அது இருப்பது தெரிந்துதான் அதை விட்டுவைத்தேன். மூன்று தடவையும் அவளுடைய விளக்குகளை அணைத்தது நான்தான். நான்காவது தடவையும் அணைந்திருக்கும். இனி அப்படி நடக்காது. ஒளிவுமறைவு இல்லாமல் பேசிவிட்டதில் மனசு லேசாகிவிட்டது. நீங்களும் முறைப்பதை நிறுத்தலாம்.

இரண்டையும் இப்படி வைத்துவிட்டுப் போங்கள், பூட்டை நானே எடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமைக்குள் முடியுமா என்று மட்டும் கேட்காதீர்கள், அத்தான். அதற்கு ஒரு கம்பி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது.