சலோமியா வீட்டுப் பொம்பளை சொல்லாம மந்திரம் இல்ல

வெகு காலத்துக்கு முன்னால, நம்ம கள்ளிவிளையில வேதக் கோயில் கிடையாது. அந்தக் கோயிலக் கட்டுனது யாருங்கிறீங்க? நம்ம கீழத்தெருக்காரங்கதான். பாறைய உடைச்சது கிணறு வெட்டுத சூசை. உடைச்ச கல்லச் சுமந்தது அவன் பெஞ்சாதி சலோமியா. சுமந்து சுமந்து அவளுக்கு உச்சந்தலையில முடியே போயிட்டுதாம்.

கோயில் எழும்புனதும் மேலத்தெருக்காரங்க என்ன செஞ்சாங்க? மிச்சமிருந்த அதே கல்லால நடுவுல இடுப்பு உயரத்துக்குச் சுவர் வச்சாங்களாம். பீடத்துப் பக்கம் அவங்க, வாசப் பக்கம் நாம. கீழத்தெருவுல செத்தா சவம் வெளி வாசலோட சரி. எவ்வளவு திமிரு பாருங்க. அவன் உடைச்ச கல்லு உள்ள இருக்கலாம், அவன் இருக்கக் கூடாதாம்.

அந்த மேலத்தெருவுக்குக் கிணறு வெட்டும்போதுதான் மண்ணு சரிஞ்சு சூசை செத்தான். பாடைய வாசல்ல இறக்குனாங்க. அவன் கடப்பாரையையும் பக்கத்துல வச்சாங்க. சாமியார் எப்பவாவது வருவாராம், மத்த நாள்ல செபம் சொல்லுறது மேலத்தெரு உபதேசியார் மரியசந்தியாகு. அவரு சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே விசுவாச மந்திரத்த ஆரம்பிச்சாராம். "ஒரே சர்வேசுரன விசுவசிக்கிறேன்…"

"நிறுத்தும் உபதேசியாரே."

சொன்னது சலோமியா. அதுவரைக்கும் அவ அழவே இல்லையாம். வயிறு எரிஞ்சா கண்ணுல தண்ணி எங்க வரும்?

"எத்தன சர்வேசுரன்?"

"ஒருத்தர்தான். அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப இந்தச் சுவர் எதுக்கு? ரெண்டு பேருன்னா ரெண்டுன்னு சொல்லிப்போடும். எங்க சாமிய நாங்க கூட்டிக்கிட்டுப் போயிடுதோம்."

ரெண்டுன்னு சொன்னா சாவான பாவம். ஒண்ணுன்னா சுவர் நிக்காது. உபதேசியார் என்ன சொன்னாருங்கிறீங்க? முதல்ல அடக்கம் முடியட்டும், அப்புறம் பேசிக்கிடலாம்னாராம்.

"பொய்ச் சத்தியம் பண்ணி எம் புருசன அடக்கம் பண்ணாதேயும்"னா அவ. கடப்பாரைய எடுத்தா. உள்ள போனா. சுவர்ல ஒரு போடு. இன்னொரு போடு. தான் சுமந்த கல்லத் தானே பேத்தாளாம்.

மேலத்தெரு ஆம்பளைங்க அம்புட்டுப் பேரும் எழும்பி நின்னாங்க. ஒருத்தன் கிட்ட வரல. ஏன்னு கேளுங்க. தடுக்கணும்னா அவளத் தொடணும். தொட்டா தீட்டு. அவங்க வச்ச தீட்டு அவங்க கையவே கட்டிப்போட்டுது. பாடை போற அளவு சுவர்ல வழி கிடைச்சதும் நம்மாளுங்க சூசையக் கொண்டுபோயி பீடத்துக்கு முன்னால கிடத்துனாங்க. இடிஞ்ச சுவர்ல நின்னு சலோமியாவே சொன்னாளாம்: "ஒரே சர்வேசுரன விசுவசிக்கிறேன்." அப்புறந்தான் அழுதாளாம்.

அதனாலதான் இன்னைக்கும் நம்ம கோயில்ல சாமியார் மந்திரத்த ஆரம்பிக்க மாட்டாரு. சலோமியா வம்சத்துப் பொம்பளை ஒருத்தி நடுவுல நின்னு சொல்லணும், பிறகுதான் சனம் சொல்லும். புதுசா வார சாமியாருக்குத் தெரியாது. அவரு பாட்டுக்கு ஆரம்பிப்பாரு, ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க.

ஆனா கல்லறைத் தோட்டத்துலயும் நடுவுல ஒரு சுவர் உண்டு. அன்னைக்கு அங்க போனா, மேலத்தெருக்காரங்க கம்போட நின்னாங்களாம். கம்புக்குத் தீட்டு கிடையாதே. சூசைய சுவருக்கு இந்தப் பக்கம்தான் புதைச்சாங்க. அந்தச் சுவர் இன்னும் நிக்குது. அதனாலதான், யாரு செத்தாலும் சரி, கல்லறையில நாம அந்த மந்திரத்தச் சொல்லுறதில்ல.